பூனைக்கு வந்த சலரோகம்

கம்பநாடர் தமது இராமாயணத்தின் அவையடக்கத்திலே, பாற்கடல் முழுவதையும் நக்கிப் பருகிவிடலாமென்று புகுந்த பூனையொன்றைத் தமக்கு உவமையாக்கினார். அப்பூனையை உந்தியது ஆசை. ஈண்டுப் பேசப்படும் பூனையை உந்துவது நோய். சிறு கிண்ணம் நீரை ஒரு நாளில் முழுதாகக் குடியாத பிராணி, இருமுறை மும்முறை அதனை வெறுமையாக்குகின்றது. போதாதென்று கிணற்றடித் தொட்டியையும் நாடுகின்றது. தீனியிற் குறைவில்லை, முன்னையிலும் மிகுதியாகவே உண்கின்றது. ஆயினும் முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுமளவு மெலிகின்றது. சிறுநீர் பெருகுகின்றது. சில பூனைகள் பின்னங்கால் விரல்களை ஊன்றி நடவாது, குதிகாலைத் தரையிற் பதித்துத் தாழ்ந்து நடக்கும். நெடுநாள் ஏறிப் பழகிய மதிலிலே தாவமாட்டா. இக்குறிகளைக் கண்டோர் ‘அதற்கும் வயது போய்விட்டது’ என்று சொல்லி வாளாவிருப்பதே எங்கள் ஊர் வழக்கம். அது வயதாகவும் இருக்கலாம். சிறுநீரக நோயாகவும் இருக்கலாம். சலரோகமாகவும், அஃதாவது நீரிழிவாகவும் இருக்கலாம். பரிசோதியாது இவற்றைப் பிரித்தறிதல் எவர்க்கும் இயலாது.

தமிழ் கற்பிப்பவனுக்கு இவ்விடயத்தில் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். தொடர்பு இரண்டு. எம்மில்லத்துப் பூனையொன்று கடந்த பதினான்கு மாதங்களாக இன்சுலின் ஊசியால் உயிர் வாழ்கின்றது என்பது ஒன்று. மற்றையது, எமது கல்லூரியின் பழைய மாணவரும் இப்போது ரொறன்ரோவில் வதிபவருமான அன்பர் ஒருவர் அனுப்பிய கடிதம். அவருடைய பூனைக்குச் சலரோகமெனத் தெரிந்த அன்றே, மருந்தாய்வொன்றில் அதனைச் சேர்க்க விருப்பமுண்டோவென மிருகவைத்தியர் கேட்டிருக்கின்றார். பகற்பொழுதில் வீட்டிலிருந்து பூனையைப் பார்ப்பவர் அன்பரின் தாயார், ஆங்கிலம் அறியாதவர். ஆதலின் அவ்வாய்வின் ஒப்புதற் பத்திரத்தை அம்மையார்க்கு விளங்குந் தமிழில் ஆக்கித் தருமாறு அன்பர் வேண்டியிருந்தார். பன்னிரண்டு பக்கம். வீட்டிற் கற்றவையும் அப்பணியிற் கற்றவையும் சேர்ந்ததே இப்பாடம்.

முதலில் நோயின் இயல்பு. இரைப்பையை அடுத்துள்ள சதையி என்னும் சுரப்பி இன்சுலினைச் சுரக்கின்றது. இரத்தத்திலுள்ள குளுக்கோசு தசையினுள்ளும் கொழுப்பினுள்ளும் புகுதற்கு இன்சுலினே திறவுகோல். திறவுகோல் குறைந்தாலோ, பூட்டு அதற்கு இணங்காதொழிந்தாலோ குளுக்கோசு இரத்தத்திலேயே தேங்கும். மனிதரின் சிறுநீரகம், நூறு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 180 மில்லிகிராம் வரை குளுக்கோசைத் தடுத்து வைக்கும். பூனையின் சிறுநீரகம் ஏறத்தாழ 270 வரை தடுக்கும். அவ்வெல்லை கடந்ததும் குளுக்கோசு சிறுநீரில் இறங்கி, நீரையும் உடன் இழுத்துச் செல்கின்றது. நீர் போவதனாலே தாகம். சத்துப் போவதனாலே பசியும் மெலிவும்.

நாய்க்கும் பூனைக்கும் ஒரே நோய் எனக் கருதுதல் தவறு. நாய்க்கு வருவதில் இன்சுலின் சுரக்குந் திறன் பெரும்பாலும் அடியோடு அற்றுப்போகின்றது. வாழ்நாள் முழுவதும் ஊசி வேண்டும். பூனைக்கு வருவதோ, நடுவயதில் உடல் பருத்த மனிதர்க்கு வரும் இரண்டாம் வகைச் சலரோகத்தைப் பெரிதும் ஒத்தது. உடல் இன்சுலினுக்கு இணங்க மறுக்கின்றது. சதையியும் நாளடைவிற் களைத்துவிடுகின்றது. வயது கூடிய, பருத்த, விதை நீக்கிய ஆண் பூனைகளிலே இது மிகுதி. பர்மிய இனப் பூனைகளிலும் சில நாடுகளில் மிகுதியாகக் காணப்படுகின்றது. நெடுநாள் ஏற்றப்படும் ஸ்ரெறோயிட் மருந்துகளும், பெண் பூனைகளுக்குப் போடப்படும் கருத்தடை ஊசிகளுட் சிலவும் இந்நோயைத் தூண்டவல்லன. வைத்தியர் கேளாவிடினும் பூனை முன்பு பெற்ற ஊசிகளை அவரிடம் சொல்லிவிடல் வேண்டும்.

பூனை அஞ்சும் பிராணி. கூடையிலடைத்து மோட்டார் வண்டியிலேற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்திலே காத்திருக்க வைத்து, பின் இரத்தம் எடுத்தால், நோயில்லாத பூனைக்குங்கூட அச்சத்தினாற் சீனி ஏறி நிற்கும். ஆகையால் ஒரு முறை எடுத்த இரத்தக் கணக்கை மட்டுங் கொண்டு முடிவு கூறார் நல்ல வைத்தியர். சிறுநீரைப் பார்ப்பர், பிறக்ரோசமைன் என்னும் பரிசோதனையையுஞ் செய்விப்பர். இது கடந்த ஓரிரு வாரங்களின் சராசரி நிலையைக் காட்டுவது. அன்றைய அச்சம் இதனை மாற்றாது.

வேறொரு நோய் மறைந்திருந்து சலரோகமாகத் தோன்றுவதும் உண்டு. இலண்டனிலுள்ள இராச மிருகவைத்தியக் கல்லூரியைச் சேர்ந்தோர் 1,221 சலரோகப் பூனைகளின் இரத்தத்தை ஆராய்ந்து 2015 இல் முடிவை வெளியிட்டனர். ஏறத்தாழ நான்கிலொன்றிலே, மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி வளர்ச்சி ஓமோனை மிகையாகச் சுரப்பதே சலரோகத்துக்குக் காரணமாயிருக்கும் என அவர்கள் மதிப்பிட்டனர். எவ்வளவு ஊசி ஏற்றினும் சீனி இறங்காத பூனையைக் கண்டால், ஊசி ஏற்றுபவர் மேற் பழி சுமத்துமுன் இதனை நினைத்தல் நன்று.

இனி மருந்து. இன்சுலினை நாள்தோறும் இருமுறை, ஏறத்தாழப் பன்னிரண்டு மணி இடைவெளியில், தோலின் கீழே ஏற்றுவதே நெடுங்காலமாக வழங்கும் முறை. தொடக்க அளவு பெரும்பாலும் வேளைக்கு ஓர் அலகு. நான்கு கிலோ நிறையுள்ள பிராணிக்கு அவ்வளவே போதும். ஊசியைக் கண்டு வீட்டார் நடுங்குகின்றனர். பூனையோ அதனைப் பெரிதாக எண்ணுவதில்லை. நுண்ணிய ஊசி, தளர்ந்த தோல், முன்னே உணவுத் தட்டு. எம்மில்லத்தில் மூன்றாம் நாளிலிருந்து பூனை தானே வந்து குறித்த இடத்தில் அமர்ந்துகொண்டது. அஞ்சத்தக்கது ஊசியின் முனையன்று, அதன் மேல் எழுதப்பட்ட கோடு. மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்ட இன்சுலினும் உண்டு, 100 அலகு கொண்டதும் உண்டு. மிருகங்களுக்கென விற்கப்படுவன பெரும்பாலும் முன்னையவை. மனிதர்க்குரியவை பெரும்பாலும் பின்னையவை. ஊசிக் குழாய்களும் அவ்வாறே இருவகை. நூறலகு மருந்தை நாற்பதலகுக் குழாயில் ஒரு கோடு வரை இழுத்தால் பூனையினுள்ளே போவது ஒன்றன்று, இரண்டரை அலகு. ஓர் அலகிலே வாழும் பிராணிக்கு இரண்டரை என்பது உயிர்ப் பிரச்சினை. போத்தலிலுள்ள எண்ணும் குழாயிலுள்ள எண்ணும் ஒன்றாயிருத்தலை வாங்கும்பொழுதே கடையில் வைத்துப் பார்த்துக்கொள்க.

மருந்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது. ஏற்றும்பொழுது பூனை துள்ளியதனால் மருந்து உள்ளே போயிற்றோ, மயிரில் ஊற்றுண்டதோ என ஐயம் வருவதுண்டு. ஐயம் வந்தால் மீண்டும் ஏற்றலாகாது. ஒரு வேளை சீனி கூடியிருப்பதாற் பூனை இறவாது; ஒரு வேளை மிகக் குறைந்தால் இறத்தல் கூடும். பூனை உண்ண மறுத்த வேளையிலும் வழக்கமான அளவை ஏற்றாது, முதலில் வைத்தியரைக் கேட்டல் வேண்டும்.

சீனி தாழ்ந்தமைக்குக் குறிகள் இவை: தள்ளாட்டம், நடுக்கம், மருண்ட பார்வை, திடீரெனப் பெரும்பசி, பின் வலிப்பு. தேனையேனும் சீனிப்பாணியையேனும் விரலில் தொட்டு முரசிலே தடவி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லல் வேண்டும். நினைவிழந்த பிராணியின் வாயிலே நீர்மங்களை ஊற்றலாகாது. அவை மூச்சுக்குழலிற் புகும். சிறு தேன் போத்தலொன்று இன்சுலினுக்கு அருகிலேயே இருப்பது நலம். அவசரத்தில் அடுக்களை முழுவதும் தேடியோர் இதன் அருமை அறிவர்.

உணவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் இடர் அங்கேதான். பூனை ஊனையே உண்டு வாழும்படி அமைந்த பிராணி. மாச்சத்தைக் கையாளும் ஆற்றல் அதன் ஈரலுக்குக் குறைவு. நாமோ சோற்றைக் குழைத்து மீன் குழம்பு சிறிது விட்டு வைக்கின்றோம். கடையில் வாங்கும் உலர்தீனியிலும் மாச்சத்து மிகுதி. புரதம் மிகுந்து மாச்சத்துக் குறைந்த ஈரவுணவே சலரோகப் பூனைக்கு ஏற்றது. ஆனால் இன்சுலின் பெறும் பூனையின் சோற்றை ஒரே நாளில் நிறுத்திவிட்டால், பழைய அளவு இன்சுலினே மிகையாகிச் சீனி பாதாளத்துக்கு இறங்கும். உணவை மாற்றுவதும் மருந்தை மாற்றுவதே. வைத்தியர் அறியாமற் செய்யலாகாது. பருத்த பூனையை மெலிவிக்க எண்ணிப் பட்டினி போடுவாரும் உளர். உபவாசம் மனிதர்க்கு உகந்த விரதமாயிருக்கலாம். பூனைக்கு அது நஞ்சு. சில நாள் உணவின்றிக் கிடந்தால் கொழுப்பெல்லாம் ஈரலிற் சென்று படிந்து உயிருக்கு இறுதி நேரும். நிறையை மெல்ல மெல்ல, மாதக்கணக்கிற் குறைத்தலே முறை. பாலும் வேண்டா, கம்பர் காலத்துப் பூனைக்கே அதனை விட்டுவிடுவோம்.

வீட்டிலே சீனி பார்த்தல் கடினமன்று. காதின் ஓரத்தை வெதுவெதுப்பான துணியாற் சற்று ஒற்றி, நுண்ணூசியாற் குத்தி, ஒரு துளி எடுத்தாற் போதும். மனிதர்க்கான கருவி பூனையின் இரத்தத்திலே உள்ளதிலும் குறைத்துக் காட்டுவதுண்டு. ஆயினும் ஒரே கருவியைத் தொடர்ந்து பயன்படுத்தினால் ஏற்றமும் இறக்கமும் தெரியும். தோலில் ஒட்டி இரவும் பகலும் அளக்குஞ் சிறு வில்லைகளும் இப்போது பூனைகளுக்குப் பயன்படுத்தப்படுகின்றன. எதனால் அளந்தாலும் ஒரு கொப்பி வேண்டும். திகதி, மணி, சீனியின் அளவு, ஏற்றிய அலகு, உண்ட உணவு, குடித்த நீர், வாரத்துக்கொரு முறை நிறை. இவ்வளவே. பூனைக்கு வாயில்லை, ‘நேற்றிரவு தலை சுற்றியது’ என்று அது சொல்லப் போவதில்லை. வைத்தியர் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் அக்கொப்பியைக் கொண்டே.

இக்கொப்பிகளின் வலிமையைக் காட்டிய ஆய்வொன்று உண்டு. கேஸ்டின் றூம்ப், ஜாக்கி ராண்ட் என்னும் இருவர் 2009 இல் வெளியிட்டது. கிளார்ஜின் என்னும் நீடித்த இன்சுலினைப் பெற்ற 55 பூனைகளின் வரலாறு அதிலே தொகுக்கப்பட்டது. அப்பூனைகளின் சீனியை நாள்தோறும் பலமுறை வீட்டிலேயே அளந்து, மருந்தின் அளவை அதற்கேற்ப இசைவித்தோர் வளர்த்தவர்களே. நோய் தெரிந்து ஆறு மாதத்துக்குள் இம்முறையைத் தொடங்கிய பூனைகளுள் நூற்றுக்கு 84 பங்கு, பின்னர் ஊசியே வேண்டாத நிலையை எய்தின. ஆறு மாதம் கழித்துத் தொடங்கியவற்றுள் அந்நிலை எய்தியவை நூற்றுக்கு 35 பங்கே. களைத்த சதையிக்கு விரைவில் ஓய்வு கொடுத்தால் அது மீளும். தாமதித்தால் மீளாது என்பதே இவ்வெண்கள் உணர்த்துவது போலும். ‘போலும்’ என்பதை வேண்டுமென்றே இட்டேன். அங்கே கலந்துகொண்டோர் இரவில் எழுந்தும் ஊசி பிடிக்கும் பேரன்பினர்; ஒப்புநோக்குதற்கு மற்றொரு கூட்டமும் இருக்கவில்லை. பயன் தந்தது மருந்தோ, அவ்வன்போ, முதலிலேயே நோய் இலேசாக இருந்தமையோ எனப் பிரித்தறிதல் எளிதன்று. இவ்வாறு பிரித்தறிதற்கே ஒழுங்கான மருந்தாய்வு வேண்டியதாகின்றது.

ரொறன்ரோ அன்பரின் பத்திரத்துக்கு வருவோம். அந்நகருக்கும் சலரோகத்துக்கும் பழந்தொடர்பு உண்டு. நாயின் சதையியை நீக்கினாற் சலரோகம் வருமென 1889 இல் ஸ்ராஸ்பூர்க் நகரில் மெரிங், மின்கோவ்ஸ்கி என்போர் கண்டனர். 1921 இல் ரொறன்ரோவிலே பான்ரிங்கும் பெஸ்ற்றும் அவ்வாறு நோயுற்ற நாய்களுக்குச் சதையிச் சாற்றை ஏற்றிச் சீனி இறங்குவதைக் கண்டனர். 1922 ஜனவரி 11 இல் அச்சாறு லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு ஏற்றப்பட்டது. கொலிப் என்பார் தூய்மையாக்கிக் கொடுத்த சாறு அதே மாதம் 23 ஆம் நாள் மீண்டும் ஏற்றப்பட்டு நற்பயன் தந்தது. இன்று பூனைக்குக் கிடைக்கும் ஊசி அந்நாய்கள் கொடுத்தது. அவற்றுக்காகப் பத்திரத்திற் கையொப்பமிட எவரும் இருக்கவில்லை. இன்றைய ஆய்வுப் பூனைக்கோ வீடு உண்டு, பெயர் உண்டு, வேண்டாமென்று சொல்லத்தக்க மனிதர் உண்டு. நோயை எவரும் அதற்கு உண்டாக்குவதில்லை. தானே வந்த நோய்க்கு எந்த மருந்து நல்லதென்று பார்க்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டை அம்மையார்க்கு முதலில் எழுதினேன். ‘பரிசோதனை எலி’ என்னும் அச்சம் அவரிடம் இருந்ததென்று மகன் குறிப்பிட்டிருந்தார்.

பத்திரத்திலே தமிழாக்குதற்கு அரிய சொற்கள் மூன்று இருந்தன. எந்தப் பூனைக்குப் புதுமருந்து, எதற்குப் பழைய மருந்து என்பதை வைத்தியரும் உரியவரும் தெரியாமல், தற்செயலாகவே தீர்மானிக்கும் முறை ஒன்று. இதற்குத் ‘திருவுளச் சீட்டு’ என்றெழுதினேன். கோயில் வாசலிலே சீட்டெடுத்துப் பழகிய அம்மையார்க்கு உடனே விளங்கியது. விரும்பிய சீட்டைக் கேட்டுப் பெறல் முடியாதென்பதும் அதிலேயே அடங்கிற்று. மருந்தைப் போன்ற தோற்றமுடையதாய், மருந்தில்லாததாய்க் கொடுக்கப்படுவது இரண்டாவது. ‘போலி மருந்து’ என்றால் வஞ்சகம் தொனிக்கின்றது. ‘வெற்று மருந்து’ என்றேன். எவ்வாய்விலும் இது வருமென்பதில்லை. சிகிச்சையின்றி விடமுடியாத நோய்களிலே புதியதைப் பழைய மருந்தோடு ஒப்பிடுவதே பெருவழக்கு. வெற்று மருந்து உண்டெனின், எத்தனை நாளைக்கு, அதற்கிடையில் நிலை கெட்டால் யாது செய்வர் எனக் கேட்டறிந்த பின்னரே கையொப்பமிடல் வேண்டும். மூன்றாவது, கொடுக்கப்படுவது எதுவெனக் கொடுப்பவரும் அறியாதிருத்தல். இதற்கு ஒரு சொல் அகப்படவில்லை, வாக்கியமாகவே எழுதிவிட்டேன். ஒரு சொல்லுக்காக விளக்கத்தை இழத்தல் மொழிபெயர்ப்பன்று என்பது எனது கட்சி.

இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்த மருந்துகள் இரண்டு இப்போது சில நாடுகளிற் பயன்பாட்டில் உள்ளன. பெக்சகிளிவ்லோசின் என்னும் மாத்திரையை அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2022 டிசெம்பரில் அங்கீகரித்தது. முன்னர் இன்சுலின் பெறாத பூனைகளிலே நூற்றுக்கு எண்பதிலும் கூடியவற்றில் இது பயன் தந்ததாக அறிவித்தது. வெலாகிளிவ்லோசின் என்னும் திரவ மருந்து 2023 ஓகஸ்ற்றில் அங்கீகாரம் பெற்றது. இரண்டும் நாளொன்றுக்கு ஒரு முறை வாய்வழியே கொடுப்பவை. இவை இன்சுலினைப் போலத் திறவுகோலல்ல. சிறுநீரகம் தடுத்து மீட்கும் குளுக்கோசை மீட்கவிடாது, சிறுநீரிலே போகவிடுகின்றன. அதனால் இரத்தத்திற் சீனி தாழ்கின்றது. ஊசியில்லை, தாழ்சீனி அச்சமும் குறைவு என்று கேட்டவுடன் எல்லோரும் மகிழ்வர். ஆனால் பூனையிடத்துச் சொந்த இன்சுலின் சிறிதேனும் சுரத்தல் வேண்டும். அது இல்லையெனின் உடல் கொழுப்பை எரித்து, கீற்றோன் என்னும் அமிலங்கள் இரத்தத்திற் பெருகி உயிருக்கு இடர் விளையும். சாதாரணமாக இந்நிலை சீனி மிக ஏறியபோதே வரும். இம்மருந்து கொடுக்கையிலோ சீனி இயல்பாக இருக்கும்போதும் வரலாம். சீனிக் கருவி ‘நன்று’ என்று காட்ட, பூனை உண்ணாது சோர்ந்து வாந்தியெடுக்கும். அவ்வேளையிற் கருவியை நம்பலாகாது. பூனையை நம்பி வைத்தியசாலைக்கு ஓடல் வேண்டும்.

‘புதிதாக நோய் காணப்பட்டதும், இன்சுலின் பெறாததும், வேறு நோயில்லாததுமான பூனை’ என்று இவ்வகை ஆய்வுகள் பல விதிப்பதன் காரணம் இதனால் விளங்கும். முதல் ஊசி ஏற்றப்பட்டதும் சில ஆய்வுகளின் வாயில் அடைபட்டுவிடும். ஆகவே இலண்டனிலும் மெல்பேணிலும் ரொறன்ரோவிலும் வாழும் பழைய மாணவர், இவ்வாய்ப்பை நாடுவதாயின் நோய் தெரிந்த அன்றே கேட்டல் வேண்டும். அதற்காகப் பூனையைச் சிகிச்சையின்றி வாரக்கணக்கிற் காத்திருக்க வைத்தலோ கூடாது. உண்ணாது வாந்தியெடுக்கும் பூனைக்கு ஆய்வு இல்லை, அன்றே சிகிச்சை.

கையொப்பத்துக்கு முன் வினவத்தக்கவற்றைத் தனித்தாளில் எழுதி அனுப்பினேன். எத்தனை முறை இரத்தம் எடுப்பர், எவ்வளவு? போக்குவரத்தும் பரிசோதனையும் யார் செலவு? மருந்தினாற் கேடு வந்தால் அச்சிகிச்சைக்கு யார் பணம் கொடுப்பர்? நள்ளிரவில் அழைத்தால் யார் எடுப்பர்? ஆய்வு முடிந்த மறுநாள் மருந்து தொடர்ந்து கிடைக்குமா, விலை என்ன? இவற்றுள் இறுதி வினாவையே பலரும் மறப்பர். எந்த நாளிலும் காரணங்கூறாது விலகலாம் என்பது பத்திரத்தில் எழுத்திலே இருத்தல் வேண்டும். விலகினாலும் பூனைக்குரிய சாதாரண சிகிச்சை குறைவின்றித் தொடரும் என்பதும் அவ்வாறே.

பத்திரத்தின் பதினோராம் பக்கத்திலே, ஆய்வுக்காலத்திற் பூனை இறக்க நேரின் உடலைத் திறந்து பார்க்க இசைவுண்டோ என்று ஒரு கட்டம் இருந்தது. சில ஆய்வுகளில் இவ்வாறு கேட்பதுண்டு. மருந்தினால் இறந்ததோ நோயினால் இறந்ததோ என அறிய வேறு வழியில்லை. அதனை மென்மையாக்காது உள்ளவாறே தமிழாக்கினேன். அம்மையார் ஏனைய பக்கங்களுக்கெல்லாம் இசைந்து, அக்கட்டத்தில் மட்டும் ‘இல்லை’ என்று தமிழில் எழுதுவித்தாராம். அவ்வாறெழுதியும் பூனையை ஆய்விற் சேர்த்துக்கொண்டனர்.